சுண்டுவிரல் நகத்தளவு எலும்பு

ஆகஸ்ட் 1, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். போன வருடம் கணக்கில் நூறு வாங்கியதற்காக ஞானசௌந்தரி டீச்சர் எனக்குக் கொடுத்த டைரி இது. எழுதும்படியாக எதுவும் நடக்கவில்லை என்று ஏழு மாதம் காலியாக வைத்திருந்தேன்.

என் பெயர் செண்பகவல்லி. ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. வகுப்புத் தலைவி. போன வெள்ளிக்கிழமை மதியம் கணக்கு வகுப்பில் எனக்கு முகத்தில் அடிபட்டது. இடது கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறம். கண்ணுக்குக் கீழே கன்னம், மூக்கின் பக்கவாட்டு, மேலுதட்டில் பாதி, இவ்வளவும் மரத்துவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்டால் இருக்குமே, அப்படி. கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய கன்னத்தையோ கிள்ளியது போல இருந்தது.

இடது கண்ணில் நீர் நிற்காமல் வழிகிறது. அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்து, "அழாதட்டி, அழாதட்டி" என்கிறாள். நான் அழவில்லை. வலது கண் காய்ந்திருக்கிறது. அழுதால் இரண்டும் அழுமல்லவா?

தினமும் நாலேகாலுக்கு வகுப்பின் நான்கு டியூப்லைட்டையும் மூன்று ஃபேனையும் அணைப்பது தலைவியின் வேலை. இன்று யார் அணைத்தார்களோ.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

அப்பா லீவு போட்டு (அப்பா பஸ் கண்டக்டர்) என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு மறுபடி கூட்டிப்போனார். கண் டாக்டர் பெயர் நஸீமா. சின்ன வயதுதான். ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, ஒரு பென்சிலால் காட்டினார்.

"இந்தா பாரு, கண்குழிக்கு உள்பக்கச் சுவர். மூக்கை ஒட்டி. இங்க ஒரு குட்டி எலும்பு இருக்கு. கண்ணீர் எலும்பு. உனக்கு அது உடைஞ்சிருக்கு."

"எவ்வளவு பெரிசு டாக்டர்?"

"உன் சுண்டுவிரல் நகம் இருக்குல்ல, அவ்வளவுதான். முகத்துல இருக்குற பதினாலு எலும்புல இதுதான் ரொம்பச் சின்னது. ரொம்ப மெல்லிசு."

மேசையில் ஒரு மண்டையோடு இருந்தது. அதில் காட்டச் சொன்னேன். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த இடத்தில் ஓட்டை. மாணவர்கள் பிடித்துப் பிடித்து முதலில் நொறுங்குவது அதுதானாம். "இவருக்கும் உன்னை மாதிரியேதான்" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

தெரிந்துகொண்டவை: அந்த எலும்பில் ஒரு பள்ளம் உண்டு. கண்ணீர்ப்பை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாம் அழாத நேரத்திலும் கண்ணீர் சுரந்துகொண்டே இருக்கும். இமையோரத்து இரண்டு சிறு துளைகளில் இறங்கி, பை வழியாக மூக்குக்குள் போய்விடும். அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். எனக்கு வழி அடைத்திருப்பதால் வெளியே வழிகிறது. வீக்கம் வற்றினால் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். மரத்துப்போனது பக்கத்து நரம்பு நசுங்கியதால். நாளாகும்.

என் ஆஸ்பத்திரிச் சீட்டில், சக மாணவி தள்ளிவிட்டதில் மேசை முனை பட்டது என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் காயப் பதிவேட்டில் எழுதும்போது பெரிய டீச்சர்தான் (எங்கள் தலைமையாசிரியை) அப்படிச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். எதுவும் சொல்லவில்லை. ஆகவே பொய் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, புதன்

வெங்காயத்தின் உள்தோலைச் சுண்டுவிரல் நகத்தளவு வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரல் பட்டதும் கிழிந்தது.

ஆகஸ்ட் 5, வெள்ளி

ஞானசௌந்தரி டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஒரு புது ஜியாமெட்ரி பாக்ஸ். அம்மா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டுக் காப்பி போடப் போனாள். அப்பா நாற்காலியை இரண்டு தடவை துடைத்தார். டீச்சர் மூன்று வருடமாக எனக்கு டியூஷன் ஃபீஸ் வாங்கியதில்லை. இந்த வருட நல்லாசிரியர் விருதுக்கு டீச்சர் பெயரை அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பா கடைக்குப் போன இடைவெளியில் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் உன்னைப் பாத்து எறியலம்மா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் டீச்சர்."

"அவ குனிவான்னு நான் நெனைக்கலயே."

"ஆமா டீச்சர்."

"நீ என் பிள்ளை மாதிரி." டீச்சருக்கு இரண்டு கண்ணிலும் நீர். எனக்கு ஒரு கண்ணில். டீச்சர் தன் கைக்குட்டையால் முதலில் என்னைத் துடைத்தார். நன்றாகத்தான் துடைத்தார், ஆனால் கன்னத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதை எழுதியாகிவிட்டது. ஆகவே மீதியையும் எழுதவேண்டும். கடைசி பெஞ்சில் வீட்டுப்பாட நோட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். டஸ்டரை எடுத்து அந்த பெஞ்சில் இருந்த முப்புடாதியைப் பார்த்து எறிந்தார். அது கட்டை வைத்த டஸ்டர். முப்புடாதி குனிந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். முப்புடாதிக்குக் குனியத் தெரியும். எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 8, திங்கள்

பள்ளிக்குப் போனேன். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். கடைசி பெஞ்சில் முப்புடாதி இல்லை.

பக்கத்தில் உட்காரும் கோமுதான் சொன்னாள். என் அப்பா வியாழக்கிழமை பள்ளிக்கு வந்து, "எம்புள்ளய தள்ளிவிட்டது யாரு? எனக்கு அந்தப் புள்ள பேரு தெரிஞ்சாகணும்" என்று சத்தம் போட்டாராம். பெரிய டீச்சர் ஒரு பெயர் சொல்லவேண்டியதாகிவிட்டது. முப்புடாதியை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அவ ஒண்ணும் சொல்லலயா?"

"சொன்னா. டீச்சர்தான் எறிஞ்சாங்கன்னு சொன்னா. நீ யாரு மேலட்டி பழி போடுதன்னு பெரிய டீச்சர் இன்னும் ரெண்டு போட்டாங்க."

"நீங்கல்லாம்?"

"நாங்க என்ன சொல்ல? நீயே சொல்லல" என்றாள் கோமு. பிறகு, "உனக்கு வலிக்குதாட்டி?" என்று கேட்டாள்.

மரத்திருக்கிறது என்றேன்.

நாலேகாலுக்கு விளக்குகளை அணைத்தேன்.

ஆகஸ்ட் 10, புதன்

அப்பாவின் காக்கிச் சட்டை இரண்டு இஸ்திரி போட்டேன். குழாயில் ஆறு குடம். மாவு புளித்துவிட்டது.

டீச்சர் வரும்வரை யார் பேசுகிறார்கள் என்று பலகையில் பெயர் எழுதுவது தலைவியின் வேலை. எல்லா வகுப்பிலும் உள்ளதுதான். இன்று டீச்சர் வந்தபோது பலகை காலியாக இருந்தது. "ஒருத்தர்கூடப் பேசலையா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர்." அதோடு விட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். முன்பெல்லாம் அப்படி விடமாட்டார். "அம்பத்திரண்டு பொம்பளப் பிள்ளைங்க, ஒருத்திகூடப் பேசலன்னா நீதான் பொய் சொல்ற" என்று ஜூன் மாதத்தில் என் உள்ளங்கையில் ஸ்கேலால் அடித்திருக்கிறார். ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு, இன்றைக்கு முன், நான் பலகையைக் காலியாக விட்டதில்லை.

ஆகஸ்ட் 15, திங்கள்

கொடி ஏறும்போது இடது கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. சிறப்பு விருந்தினர் மைக்கில், "அதோ அந்தக் குழந்தையைப் பாருங்கள், இதுதான் தேசப்பற்று" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய் அதிகம் கிடைத்தது. வலது பக்கமாக மென்றேன். இடது பக்கம் மென்றால் உதட்டைக் கடித்துக்கொள்கிறேன், ரத்தம் வந்த பிறகுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 18, வியாழன்

முப்புடாதியின் அம்மா வீட்டுக்கு வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்தின் நிறம். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. வாசல்படியில் நின்றே பேசினார்.

"டி.சி. கொடுத்துருவாங்களாம் தாயி. ஒன்பதாவது பாதியில எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்க? அவங்க அப்பன் தீப்பெட்டி ஆபீஸுக்கே அனுப்பிருன்னு நிக்காரு."

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"எம்புள்ள தள்ளுச்சுன்னா இப்பவே அவ கைய ஒடிச்சிப் போடுதேன். நீ சொல்லு தாயி. அவ தள்ளுனாளா?"

என் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்த அம்மா பதறிவிட்டார். "ஐயோ, அழாத தாயி, அழாத. நான் கேட்டது தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

நான் அழவில்லை என்று சொல்லியிருக்கலாம். தெருமுனை திரும்பும்வரை நேரம் இருந்தது. நான் நேரத்தைக் கவனித்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "மேசை முனை பட்டா நெத்தியிலதானட்டி படும்?" என்றாள். நான் ரசம் கேட்டேன்.

ஆகஸ்ட் 22, திங்கள்

பெரிய டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார்.

"செண்பகவல்லி, நீ ஒரு லெட்டர் எழுதித் தரணும். நடந்தது என்னன்னு. முப்புடாதி தள்ளிவிட்டான்னு. நாலு வரி போதும். டி.சி. ஃபைல்ல வைக்கணும்."

"எப்பத் தரணும் டீச்சர்?"

"அடுத்த திங்கக்கிழமைக்குள்ள. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அதான் டைப் அடிக்கல."

வெளியே வரும்போது முப்புடாதியின் பை பீரோ மேல் கிடந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு எடுத்துப்போக விடவில்லை போல.

விளக்குகளை அணைத்தேன். ஒரு ஃபேனை மறந்து, படியிறங்கியவள் திரும்பிப் போய் அணைத்தேன்.

ஆகஸ்ட் 24, புதன்

நாலு வரி எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்தது. கிழித்தேன். மறுபடி எழுதினேன், இன்னும் நன்றாக வந்தது. அதையும் கிழித்தேன். பரீட்சைத் தாளில் இரண்டு வீண்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

அம்மாவோடு ஆஸ்பத்திரி. இன்று வழி திறந்திருக்கிறதா என்று சோதனை.

மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். டாக்டர் நஸீமா இமையோரத்துச் சின்னத் துளையில் முனை மழுங்கிய ஊசியை வைத்து உப்புத் தண்ணீரைச் செலுத்தினார். வழி திறந்திருந்தால் தண்ணீர் மூக்குக்குள் இறங்கித் தொண்டைக்கு வரும்.

"தொண்டையில உப்புக் கரிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"இப்ப?"

"இல்ல."

தண்ணீர் எல்லாம் திரும்பிக் கண் வழியாகவே வந்து காதுக்குள் ஓடியது. வலது கண்ணிலும் செய்து காட்டினார். உடனே தொண்டையில் உப்பு. கடல் தண்ணீரைக் குடித்தது மாதிரி. எனக்கு அது மிகவும் ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நாளும் உள்ளே ஒரு வழி இருந்திருக்கிறது, நான் அறியவே இல்லை.

ஆபரேஷன் செய்யவேண்டும். அரையாண்டு லீவில் செய்யலாம் என்றார். அந்த எலும்பிலேயே ஒரு ஓட்டை போட்டுக் கண்ணீருக்கு மூக்குப் பக்கம் புது வழி. "மெல்லிசா இருக்குறதும் ஒரு வசதிதான். வழி விடும்."

பிறகு படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பழைய சீட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேசை முனைன்னு போட்டிருக்கு. மூக்கெலும்பு நல்லா இருக்கு, நெத்தி நல்லா இருக்கு. இந்த ஒரு மூலைல மட்டும்தான் அடி. சின்னதா ஏதோ வேகமா வந்து பட்ட மாதிரி இருக்கேம்மா. நிஜமா மேசையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். அந்த எலும்பு படத்தில் ஒரு மயிரிழைதான், அதுவும் நடுவில் விட்டுப்போன மயிரிழை. இருந்தும் அது நடந்ததைச் சொல்லிவிட்டது. நூறு பக்க டைரி வைத்திருக்கும் நான் சொல்லவில்லை.

"டஸ்டர்" என்றேன்.

"யாரு எறிஞ்சா?" என்றாள் அம்மா.

சொன்னேன்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "இதை நான் எழுதணும். எழுதட்டுமா?"

அம்மா சொன்னாள்: "எழுதுங்க டாக்டரம்மா."

ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "அவங்க இல்லன்னா இவ கணக்குல நூறு வாங்கியிருப்பாளா? விருது வாங்கப்போற மனுஷி" என்றார்.

"நூறு மார்க்குக்கு ஒரு கண்ணக் கொடுக்கணுமாக்கும்?" என்றாள் அம்மா. "அந்தப் புள்ள தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகணுமா?"

"நாந்தான பேரு கேட்டு நின்னேன்" என்றார் அப்பா, பாயை விரிக்கும்போது.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

லெட்டர் எழுதினேன். இரண்டு பக்கம். டஸ்டரைப் பற்றி முதல் பக்கத்தில் முடிந்துவிட்டது. இரண்டாம் பக்கம் இது:

"அன்று பலகையில் முப்புடாதியின் பெயரை எழுதியது நான். அன்று அவள் பேசவில்லை. வகுப்பில் யாருமே பேசவில்லை. பலகை காலியாக இருந்தால் எனக்கு அடி விழும் என்பதால் எழுதினேன். வேறு யார் பெயரை எழுதினாலும் இடைவேளையில் சண்டைக்கு வருவார்கள். முப்புடாதி வரமாட்டாள். ஆகவே அவள் பெயரை எழுதுவேன். ஜூன், ஜூலை இரண்டு மாதத்தில் பதினோரு முறை எழுதியிருக்கிறேன்."

முதல் நாள் எழுதியபோது இதை நான் எழுதவில்லை. அன்று கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 29, திங்கள்

அப்பாவும் கூட வந்தார். பெரிய டீச்சர் லெட்டரை இரண்டு தடவை படித்தார். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பலகையில பேரு எழுதுன கதையெல்லாம் இதுல எதுக்கு? ரெண்டாவது பக்கத்தை எடுத்துரு. உனக்குத்தான் கெட்ட பேரு."

"நடந்தது டீச்சர்."

"அப்ப நீ லீடரா இருக்க முடியாது."

"சரி டீச்சர்."

அப்பா கைகூப்பி, "அந்தப் பிள்ளைக்கு டி.சி. கொடுத்துறாதீங்கம்மா, கேட்டது நாந்தான்" என்றார். அப்பா கைகூப்புவது பஸ்ஸில் பாக்கிச் சில்லறை இல்லாதபோதுதான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

செப்டம்பர் 1, வியாழன்

கல்வி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். கோமு உட்பட ஒன்பது பேர் சொன்னார்கள். மற்றவர்கள் தெரியாது என்றார்கள்.

வராந்தாவில் ஞானசௌந்தரி டீச்சர் எதிரே வந்தார். கையில் குடை, பை, மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டு எல்லாம். நான் நின்றேன். டீச்சரும் நின்றார். என் கண்ணைப் பார்த்தார். பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்தார், என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 5, திங்கள்

ஆசிரியர் தினம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நடனம் ஆடினார்கள். விருதுப் பட்டியலில் டீச்சர் பெயர் இல்லை. என்னிடம் யாரும் பேசவில்லை. கோமு மட்டும் ஒரு முறுக்கைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் முகம் கழுவும்போது கன்னத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். எறும்பு இல்லை. நரம்பு முளைக்கிறது போல.

செப்டம்பர் 6, செவ்வாய்

முப்புடாதி வந்தாள். பெரிய டீச்சர் அறையில் பீரோ மேல் கிடந்த பையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் இப்போது லீடர் இல்லை. புது லீடரை இன்னும் போடவில்லை. பலகையில் தேதியைத் தவிர ஒன்றும் இல்லை.

மாலை மணி அடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். பழக்கத்தில் நான் சுவிட்சுப் பக்கம் நின்றேன். முப்புடாதி பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"முப்புடாதி, நான் லெட்டர்ல எல்லாம் எழுதிட்டேன்."

"கேள்விப்பட்டேன். எத்தன தடவ எழுதுனன்னு போட்டுருக்க?"

"பதினொண்ணு."

"பதிமூணு" என்றாள்.

நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். அவள் காத்திருக்கவில்லை.

"எண்ணாதட்டி. உனக்கு ஞாவகம் இருக்காது. அடி வாங்கினது நானு." என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்ன, அழுதியா?"

"இல்ல. இது எலும்பு. இடது கண்ணு எப்பவும்…"

"ரெண்டு கண்ணுலயும் வருதே" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். வலது கன்னம் நனைந்திருந்தது. தொண்டையில் உப்புக் கரித்தது. இதை நடந்தபடியே எழுதுகிறேன்.

முப்புடாதி என்னைத் தாண்டிக் கையை நீட்டினாள். டியூப்லைட் நான்கு, ஃபேன் மூன்று. விளக்குகள் அணைக்கப்பட்டன.